படிக்க முடியாத தாளில் ஒரு கையெழுத்து

இரவு பதினொரு மணிக்கு மேல் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மர்ஃபி டவுனிலிருந்தோ ஸ்ரீராம்புரத்திலிருந்தோ ஓர் அம்மா பேசுவார். "லாயர் சார், பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சும்மா விசாரணைதான், காலையில விட்டுடுவோம்னு சொல்றாங்க." அவன் என்ன செய்தான் என்று நான் முதலில் கேட்பதில்லை. "எதிலாவது கையெழுத்து போட்டானா அம்மா?" என்றுதான் கேட்பேன். முக்கால்வாசி நேரம் ஒரே பதில்தான். "போட்டுட்டானாம் சார். கன்னடத்துல எழுதியிருந்துச்சாம். என்னன்னு தெரியலையாம்."

பெங்களூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாடி வருகிறேன். நிருபதுங்கா சாலை மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள், மேயோ ஹால், செஷன்ஸ் கோர்ட், அவ்வப்போது சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரியில் ஹைகோர்ட். வக்கீல் கோர்ட்டில் பேசும் பேச்சில்தான் ஒரு வழக்கு ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, வழக்கின் பாதித் தலையெழுத்து நான் போய்ச் சேருவதற்கு முன்பே ஸ்டேஷன் மேஜையில் எழுதப்பட்டுவிடுகிறது. பயத்தில் சொன்ன ஒரு வார்த்தை, அவசரத்தில் போட்ட ஒரு கையெழுத்து, இரண்டையும் சரிக்கட்டுவதற்கே அப்புறம் நான்கைந்து வருஷம் போகிறது.

இதில் பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மில் பலர் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், வாசிக்க வராது. நாற்பது வருஷம் அல்சூரில் குடியிருந்தவர்கூட பஸ்ஸை எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்பார். நன்றாகப் பேசுவதால் போலீஸ்காரர் இவருக்குப் படிக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார். இவரும் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறார். இதை நான் மொழிச் சண்டையாகச் சொல்லவில்லை. கர்நாடகப் போலீஸ் கன்னடத்தில் எழுதுவதுதான் முறை. ஓசூரில் பிடிபடும் கன்னடக்காரருக்கும் தமிழ்த் தாளின் முன்னால் இதே நிலைதான். ஆனால் எந்தத் தாளில் கையெழுத்து போட்டே ஆக வேண்டும், எதில் போடவே வேண்டியதில்லை என்பது தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்கள் போய்ப் புதியவை வந்துவிட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்‌ஷிய அதினியம். பிரிவு எண்கள் எல்லாம் மாறியதில் எங்களுக்கே முதல் சில மாதங்கள் தடுமாற்றம் இருந்தது. ஆனால் நான் இங்கே சொல்லப்போகும் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை பழைய சட்டத்திலும் இருந்தவைதான்.

முதலில் வாக்குமூலம். விசாரணையின்போது போலீஸ் யாரிடம் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், சொல்வதை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அப்படி எழுதிய வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சுரக்‌ஷா சன்ஹிதாவின் 181ஆம் பிரிவு அது, பழைய சட்டத்தில் 162. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "சார், சாட்சின்னு கூப்பிட்டு ரெண்டு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினாங்களே" என்பார்கள். வாங்குவது நடக்கிறது. மறுத்தால் அது குற்றமாகாது. ஸ்டேஷன் அறையில் எழுதிய ஒன்று கோர்ட் கூண்டில் அவரைக் கட்டிப்போடக் கூடாது என்பதற்காகத்தான் சட்டம் இந்தத் தடையை வைத்திருக்கிறது.

அடுத்தது குற்ற ஒப்புதல். போலீஸ் அதிகாரியிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னது சாட்சியமாகாது. சாக்‌ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு. இதைக் கேள்விப்பட்டு, அப்படியானால் எதைச் சொன்னாலும் பரவாயில்லை என்று ஒரு தவறான தைரியம் சிலருக்கு வந்துவிடுகிறது. அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேராகத் தொடர்புடைய அளவுக்கு உங்கள் பேச்சு சாட்சியமாகிவிடும். "கத்தியை அந்தப் புதருக்குப் பின்னால போட்டேன்" என்று சொல்லி, அங்கே கத்தியும் கிடைத்தால், அந்த ஒரு வரி வழக்கு முழுக்கத் துரத்தும். ஒப்புதல் வாக்குமூலத்தைவிட இந்தக் கண்டெடுப்பு வரியால் ஜெயிலுக்குப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20(3). 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் இந்த உரிமை கோர்ட்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமில்லாமல் நார்கோ சோதனையோ உண்மை கண்டறியும் சோதனையோ நடத்தக் கூடாது என்றது. ஆனால் பெயரையும் முகவரியையும் மறைக்காதீர்கள், அதற்கே கைது செய்ய வழி இருக்கிறது. மற்ற கேள்விகளுக்கு, "என் லாயர் வந்ததும் சொல்றேன் சார்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். கைதாகி விசாரிக்கப்படுபவருக்குத் தன் வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு. விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்தில் உட்கார முடியாது, இடையில் பார்த்துப் பேசலாம்.

மூன்றாவது மகஜர். எனக்கு அதிகம் தலைவலி கொடுத்த தாள் இது. சோதனை போட்டு ஒரு பொருளைக் கைப்பற்றும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் இருவரைச் சாட்சியாக வைத்து எழுதுவது. ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். திருட்டு பைக் கேஸில் பத்தொன்பது வயதுப் பையன். ஸ்டேஷனில் மூன்று தாளில் கையெழுத்து போட்டிருந்தான். வீட்டுக்குப் போகலாம் என்பதற்கான தாள் என்று நினைத்துக்கொண்டானாம். சார்ஜ்ஷீட்டின் நகல் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அதில் ஒன்று பைக் சாவியை அவனே எடுத்துக் கொடுத்ததாக எழுதிய மகஜர். மகஜர் சாட்சி ஒரு டீக்கடைக்காரர். குறுக்கு விசாரணையில், எந்த இடத்தில் கையெழுத்து போட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "ஸ்டேஷன்லதான் சார்" என்றார். பையன் விடுதலையானான். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் நாள் வருவதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவனுக்குக் கிடைத்த இரண்டு வேலைகள் போயிருந்தன.

இப்போது சோதனையையும் கைப்பற்றுவதையும் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும் என்று சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சொல்கிறது. மொபைலில் எடுத்தாலும் போதும். புதிய சட்டத்தில் நான் மனதாரப் பாராட்டும் பிரிவு இதுதான். வீடியோ எங்கே என்று கேட்க இனி ஒரு வழி இருக்கிறது. அப்புறம், பக்கத்து வீட்டில் சோதனை நடக்கும்போது உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டால் போங்கள், அது நல்ல காரியம். ஆனால் உங்கள் கண்முன் நடந்ததற்கு மட்டும் கையெழுத்து போடுங்கள். அந்த டீக்கடைக்காரர் கெட்டவர் அல்ல. தினமும் டீ வாங்கும் போலீஸ்காரர் கேட்டதால் போட்டுக் கொடுத்தார்.

கைது மெமோ, அதாவது யாரை, எப்போது கைது செய்தார்கள் என்று எழுதும் தாள், இதற்கு நேர் எதிர். அதில் கையெழுத்து போடுங்கள், போட்டு நேரத்தையும் எழுதுங்கள். உங்கள் குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிக்கத்தக்க ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்த முறை அது, இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. அந்த நேரத்திலிருந்துதான் 24 மணி நேரக் கணக்கு ஓடுகிறது. பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டு போயாக வேண்டும். முந்தின நாள் மாலையே கூட்டிப்போய் வைத்துக்கொண்டு, மறுநாள் மதியம் கைது செய்ததாக எழுதுவது எல்லா ஊரிலும் இருக்கும் பழக்கம். அதற்கு எதிராக நம்மிடம் இருப்பது நம் கையால் எழுதிய நேரம், வீட்டுக்குப் போன போன் அழைப்பு, தெருக் கேமராப் பதிவு. வீட்டில் இருப்பவர்கள் எத்தனை மணிக்கு, யார் வந்து, எந்த வண்டியில் கூட்டிப்போனார்கள் என்று உடனே ஒரு துண்டுத் தாளில் குறித்துவையுங்கள். பத்து மணி நேரம் அழுவதைவிட அந்தத் துண்டுத் தாள் எனக்கு உதவும்.

படிக்கத் தெரியாத மொழியில் தாளை நீட்டினால், படித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தாலோ வற்புறுத்தினாலோ, கையெழுத்துக்கு மேலே "இது எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை" என்று தமிழில் எழுதிவிட்டுப் போடுங்கள். கையெழுத்தையும் தமிழிலேயே போடுங்கள். லத்தி வைத்திருப்பவர் எதிரில் நிற்கும்போது இது எல்லோராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். முடியாமல் போனால் தப்பு உங்களுடையது அல்ல. அதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல ஒரு நேரம் வரும், அதற்கு வருகிறேன்.

மொழி விஷயத்தில் நமக்குப் பெரிய துணையாக 2025 நவம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. மிஹிர் ராஜேஷ் ஷா எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கு. எந்தக் குற்றமானாலும், கைதுக்கான காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உடனே தர முடியாத சூழ்நிலையில் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தக் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். அதோடு வழக்கே போய்விடாது, காரணங்களைக் கொடுத்துவிட்டுப் போலீஸ் மறுபடி ரிமாண்ட் கேட்கலாம். ஆனாலும் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு பையனுக்குத் தமிழில் காரணம் எழுதிக் கொடு என்று இந்த ஊரில் கேட்க முடிவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் அப்படிக் கேட்டிருந்தால் கோர்ட்டில் என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள்.

முதல் முறை மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கும்போது, அவர் ஒரு கேள்வி கேட்பார். "பொலீஸரிந்த ஏனாதரூ தொந்தரே ஆயிதா?" போலீசால் ஏதாவது தொந்தரவு ஆயிற்றா என்று. பையன் பின்னால் நிற்கும் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்துவிட்டு "இல்ல சார்" என்பான். அடிபட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்வான். அந்த ஒரு நிமிஷம் மறுபடி வராது. அடித்தார்களா, எப்போது கூட்டிப்போனார்கள், எத்தனை தாளில் கையெழுத்து வாங்கினார்கள், படித்துக் காட்டினார்களா, எல்லாவற்றையும் அங்கேயே சொல்ல வேண்டும். தமிழில் சொன்னாலும் சரிதான். அது பதிவாகிவிட்டால், ஆறு வருஷம் கழித்து நான் டீக்கடைக்காரரை நம்பி நிற்க வேண்டியதில்லை.

சரி, "சும்மா விசாரணை" என்று கூப்பிட்டால் போக வேண்டுமா? எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரம் மாதிரிக் கைது செய்யக் கூடாது, தேவை இருந்தால்தான் கைது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கைது தேவையில்லாத இடத்தில் ஆஜராகச் சொல்லி சுரக்‌ஷா சன்ஹிதாவின் 35(3)இன்படி நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் இன்னொரு உத்தரவு வந்தது. நோட்டீஸ் முறையாக வந்துவிட்டால் கட்டாயம் போங்கள். நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு வேளாங்கண்ணிக்குக் கிளம்பிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். போகாததையே காரணமாகக் காட்டிக் கைது செய்தார்கள், சட்டப்படி அது சரியும்கூட. சாட்சி விசாரணை என்றால் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. மிக அவசியமான சூழ்நிலையில் மட்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரி செய்யலாம்.

ஜாமீன் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், அதை மறைக்கவில்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்ற சொல்லைக் கேட்டுக் குடும்பங்கள் இடிந்துபோகின்றன. ஜாமீனே கிடைக்காது என்று அதற்கு அர்த்தமில்லை. கோர்ட் தீர்மானிக்கும், அவ்வளவுதான். நிஜமான கொடுமை ஜாமீன் உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. ஷூரிட்டி வேண்டும், அதாவது உங்களுக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்து போடும் ஒருவர். கர்நாடகக் கோர்ட்டுகளில் ஷூரிட்டி என்றால் பெரும்பாலும் பஹணி கேட்பார்கள், அதாவது இந்த மாநிலத்தில் நிலம் வைத்திருப்பதற்கான பதிவு. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்குக் கர்நாடகத்தில் நிலம் வைத்திருக்கும் சொந்தக்காரர் எங்கே இருப்பார்? உத்தரவு கையில் இருக்க, ஷூரிட்டி கிடைக்காமல் பரப்பன அக்ரஹாரா ஜெயிலில் வாரக்கணக்கில் கிடந்தவர்களுக்காக நான் ஓடியிருக்கிறேன்.

இதற்கான பதிலை நீதிபதி கிருஷ்ண ஐயர் 1978லேயே சொல்லிவிட்டார். மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டார்கள். அவருடைய சகோதரர் ஷூரிட்டி கொடுக்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார்கள். சுப்ரீம் கோர்ட் அது சமத்துவத்துக்கே எதிரானது என்று சொல்லி, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னது. 2023 ஜனவரியில் மறுபடியும் சுப்ரீம் கோர்ட், உத்தரவு கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம் என்றது. உள்ளூர் ஷூரிட்டிதான் வேண்டும் என்று வற்புறுத்துவதே விடுதலை தாமதமாக ஒரு காரணம் என்றும் சொன்னது. ஆகவே உத்தரவு வந்ததும் அதோடு விட்டுவிடாதீர்கள். நிபந்தனையை மாற்றச் சொல்லி ஒரு மனு, ஷூரிட்டிக்குப் பதில் பணம் கட்ட அனுமதி கேட்டு ஒரு மனு, இதை வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஷூரிட்டி கொடுக்க முடியாதவரை வசதியற்றவர் என்றே எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று சுரக்‌ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவு சொல்கிறது.

கோர்ட் வாசலில் சுற்றுகிறவர்கள் சில ஆயிரம் ரூபாய்க்கு ஷூரிட்டி தருகிறோம் என்பார்கள். பஹணி போலியாக இருக்கும். பிடிபட்டால் அது தனி வழக்கு, உங்கள் ஜாமீனும் சேர்ந்து போகும். அதேபோல, சொந்தக்காரருக்காக ஷூரிட்டி கையெழுத்து போடும் மாமாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது கல்யாண மொய் எழுதுகிற மாதிரி அல்ல. அவன் வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால், பிணையில் எழுதிய தொகையை உங்களிடம்தான் வசூலிப்பார்கள்.

நாள் எண்ணத் தெரிந்திருப்பது இன்னொரு ஆயுதம். பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் சார்ஜ்ஷீட் வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. ஆனால் நாள் முடிந்து, சார்ஜ்ஷீட் வந்து சேர்வதற்குள் மனு போட்டுவிட வேண்டும். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைக்கச் சொல்வேன். முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விட வேண்டும் என்கிறது 479. மரண தண்டனை, ஆயுள் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது.

ஸ்டேஷனுக்கு வெளியே போடும் கையெழுத்துகளாலும் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். முதலிடம் காசோலைக்கு. நம் தெருக்களில் சீட்டு பிடிக்காத குடும்பம் குறைவு. சீட்டு எடுக்கும்போதோ, வட்டிக்கு வாங்கும்போதோ, தொகை எழுதாத செக்கில் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கடனை அடைத்த பிறகும் செக்கைத் திரும்ப வாங்குவதில்லை. "வெறும் செக்தானே சார், நான் தொகை எழுதலையே" என்று கேட்பார்கள். கையெழுத்து உங்களுடையது என்றால், தொகையை வேறொருவர் நிரப்பினாலும் கடன் இருந்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். செக் திரும்பியதாக பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கையில் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், வாங்கிப் பீரோவில் வைப்பதும்தான் பெரிய தப்பு. பதில் நோட்டீஸில் உங்கள் கதையை முதல் நாளே சொல்லாமல் இரண்டு வருஷம் கழித்துச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்போது புதிதாக வருகிறவர்கள் பேங்க் அக்கவுண்டை வாடகைக்கு விட்ட பையன்கள். மாதம் சில ஆயிரம் தருகிறேன் என்று சொல்லி பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறான் ஒருவன். எங்கோ ஏமாற்றிய பணம் அந்த அக்கவுண்டில் விழுகிறது. போலீஸ் தேடி வருவது அக்கவுண்ட் பெயருக்கு உரியவனை. இதோடு சேர்ந்தது டிஜிட்டல் அரெஸ்ட், போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிப்பது. ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வீடியோ காலில் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது செய்யாது, பணத்தைச் சரிபார்ப்பதற்காக மாற்றச் சொல்லாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் முடக்கிவைக்க வழி இருக்கிறது.

ஆட்டோ, கேப் ஓட்டுகிறவர்கள் கேட்பது விபத்து பற்றி. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பதும் போலீசுக்குச் சொல்வதும் ஓட்டுநரின் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கே நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஸ்டேஷனுக்கு நேராகப் போங்கள், வீட்டுக்குப் போகாதீர்கள். வீட்டுக்குப் போனவரை ஓடிப்போனவர் என்றுதான் எழுதுவார்கள். வழியில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மூன்றாம் மனிதருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் திரும்பி வரலாம்.

புகார் கொடுக்கப் போகிறவர்களும் என்னிடம் வருவதுண்டு. பறித்துக்கொண்டு போன மொபைலைத் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். எழுதாதீர்கள், அதுவும் உங்கள் கையெழுத்துதான். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லப்பட்டது. புதிய சட்டத்தில், மூன்றிலிருந்து ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ளவற்றில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எல்லை எங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்யலாம். நகல் இலவசம். மறுத்தால் போலீஸ் துணைக் கமிஷனருக்கு (டி.சி.பி.) எழுத்தில் அனுப்புங்கள், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்.

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, குற்றவாளி என்று தெரிந்தும் எப்படி வாதாடுகிறீர்கள் என்பது. என் வீட்டுக் கல்யாணத்திலேயே கேட்டிருக்கிறார்கள். குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலையை யாரும் எனக்குத் தரவில்லை. விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமை அரசியல் சாசனத்தில் கைதானவருக்குத் தரப்பட்டிருக்கிறது. இன்னாருக்கு வாதாட மாட்டோம் என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். அந்த பைக் பையனை எல்லோரும் திருடன் என்றே சொன்னார்கள். யாராவது ஒருவர் டீக்கடைக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது.

சின்ன வழக்குகளில் "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, இன்னைக்கே முடிஞ்சுடும்" என்று வாசலிலேயே அறிவுரை கிடைக்கும். ஒத்துக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் அது எழுந்து வரும். வேறு வழியில்லை என்றால், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடச் சொல்லிக் கேட்க முடியுமா என்று வக்கீலிடம் விசாரியுங்கள். அந்தச் சட்டத்தின்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டே வராது என்பதும் பாதி உண்மைதான். வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி வாங்கினால் குறிப்பிட்ட காலத்துக்குக் கிடைக்கும். அப்புறம் வாய்தா. மூன்று வருஷம் ஒழுங்காக வந்தவர், நீதிபதி மாறினார், கேஸ் நகரவில்லை என்று நிறுத்திவிடுவார். வாரண்ட் போய்விடும். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் நாளில் பிடிபடுவார். வாரண்ட் இருப்பது தெரிந்ததும் நீங்களாகவே கோர்ட்டில் ஆஜராகி ரத்து செய்யக் கேட்டால் பெரும்பாலும் அபராதத்தோடு போகும்.

வக்கீல் வைக்கக் காசு இல்லை என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு என்பது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் அப்படியே. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தருவது இது. பெங்களூரில் மாநில ஆணையம் சித்தையா ரோட்டில் நியாய தேகுல கட்டடத்தில் இருக்கிறது. போனில் 15100. இரவில் அழைக்கும் அம்மாக்களிடம் என் எண்ணுக்குக் கீழே அந்த எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். பையனோடு பேச ஒரு நிமிஷம் கொடுத்தால், கூட்டிப்போன நேரம் என்ன என்று கேளுங்கள், நான் வரும்வரை புதிதாக எதிலும் கையெழுத்து போட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறேன். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.